ஒத்திகை அக்கா

எங்கள் மருத்துவமனையில் எந்த நோயும் இல்லாமல் அதிக முறை தனி அறையில் படுத்து எழுந்தவள் அக்கா ஒருத்திதான். வருடா வருடம் அவளுக்கு ஒரு புதுக் கொள்ளைநோய் வரும். மதியச் சாப்பாட்டுக்குள் சரியாகியும் விடும்.

அவளுக்கு வேலை சலவை அறையில். கட்டிடத்தின் பின்பக்கம், பாய்லருக்குப் பக்கத்தில், ஜன்னலே இல்லாத நீளமான அறை அது. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்து, கறை பட்டதைத் தனியாகப் போட்டு, இயந்திரத்தில் திணித்து, காயவைத்து, மடித்து அடுக்க வேண்டும். உள்ளே நுழைந்தாலே பிளீச்சிங் நெடி கண்ணைக் கரிக்கும். எந்நேரமும் தண்ணீரில் ஊறி அவள் விரல் நுனிகள் சுருங்கிக் கிடக்கும். வருகைப் பதிவுக்கு வைத்திருக்கும் ரேகை மெஷின் அவளை மட்டும் ஏற்றுக்கொள்ளவே செய்யாது. "இத்தனை வருஷம் உழைச்சும் இந்த மெஷினுக்கு என்னை யாருன்னே தெரியல" என்று தினமும் காலையில் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.

பெரிய தொற்று ஏதாவது ஊருக்குள் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்பதற்காக வருடத்துக்கு ஒரு முறை எங்களுக்கு ஒத்திகை உண்டு. புது மாதிரிக் காய்ச்சலோடு ஒருவர் வாசலில் வந்து நிற்பார். வாட்ச்மேன் தொடங்கி டாக்டர் வரை அவரவர் வேலையை அவரவர் செய்ய வேண்டும். மேலிடத்து அதிகாரி ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்று மார்க் போடுவார். முதல் வருடம் நோயாளியாக வந்தவர் அலுவலகத்து குமாஸ்தா. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போனில் வீட்டுக்காரியோடு சண்டை போட்டார். "மூச்சு முட்டுதா?" என்று கேட்டால், "கொஞ்சம் இருங்க, லைன்ல இருக்கேன்" என்றார். மார்க் கேவலமாகப் போனது. எங்கள் மேட்ரன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, விரிப்புக் கட்டோடு வந்த அக்கா, "அடுத்த தடவை நான் படுக்கிறேனே மேட்ரன், எனக்கும் இடுப்பு வலிக்குது" என்று சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொன்னது. அப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்த வருடம் அவள் வாசற்படியில் விழுந்த விழுகையைப் பார்த்து, உறவினரைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் பயத்தில் நிஜமாகவே மயங்கிவிட்டார். எந்த நோயாளியை முதலில் தூக்குவது என்று தெரியாமல் ஊழியர்கள் அல்லாடினார்கள். இன்னொரு வருடம், தனி அறையில் அடைத்தவுடன் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துச் சலவை அறையில் போய் ஒளிந்துகொண்டாள். "நோயாளி ஓடினா என்ன செய்வீங்கன்னு பார்த்தேன்" என்றாள். அந்த ஜன்னலுக்குக் கம்பி வந்தது அவளால்தான். அதற்கும் அடுத்த வருடம் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து இரண்டு உள்ளங்கையிலும் பூசிக்கொண்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒத்திகை முடிந்து பார்த்தால் கதவுப் பிடியில் நீலம், லிஃப்ட் பொத்தானில் நீலம், கேன்டீன் கெட்டிலில் நீலம், மேட்ரனின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்த நீலம். "இவ்வளவு தூரம் என் நோய் நடந்து போயிருக்கு, நீங்க எல்லாரும் வேடிக்கை பார்த்திருக்கீங்க" என்று சிரித்தாள். பாடப் புத்தகம் படித்துப் புரியாதது எங்களுக்கு அன்று புரிந்தது. அதிலிருந்து நாங்கள் கை கழுவிய கழுவலுக்குச் சோப்புக் கம்பெனிக்காரன் எங்களுக்கு மாலை போட்டிருக்க வேண்டும்.

உதட்டில் அதே நீலத்தை லேசாகத் தடவி, கண்ணுக்குக் கீழே லிப்ஸ்டிக்கைத் தேய்த்து, கழுத்து நரம்பு புடைக்க அவள் மூச்சு வாங்கினால் பார்க்கிறவர்களுக்கே மூச்சு நின்றுவிடும். ஒத்திகைக்குப் பல நாள் முன்பிருந்தே வீட்டில் பழகுவாளாம்.

"எங்க வீட்டுக்காரரு இருக்காரே சிஸ்டர், நான் நடிக்கிறேன்னு நல்லாத் தெரியும். ஆனா நான் இருமின உடனே ஒரு டம்ளர் தண்ணியோட வந்து நின்னுடுவாரு. 'அட, இது ஒத்திகைங்க'ன்னா, 'சரி, குடிச்சிட்டு ஒத்திகை பாரு'ங்கறாரு."

அவர் கோழி ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். பண்ணைகளிலிருந்து கூண்டு கூண்டாக ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அக்காவின் வாயால் கேட்டதுதான். "அவரு ஏத்திட்டுப் போற கோழிங்க அவரைவிட நல்லாப் பேசும். ஒரு பொய் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம், காதெல்லாம் சிவந்து போயிடும் மனுஷனுக்கு" என்பாள். கேலிதான். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

எங்கள் ஒத்திகையில் ஒரு பழக்கம் இருந்தது. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. உடல் முழுக்க மூடும் கிட்டை நிஜமாகவே போடுவோம். தாழ்வாரத்தை நிஜமாகவே காலி செய்வோம், லிஃப்டை நிஜமாகவே நிறுத்துவோம், தரையை நிஜமாகவே மருந்து போட்டுத் துடைப்போம். ஆனால் நோயாளிக்குச் செய்ய வேண்டியது மட்டும் வாயால்தான். நன்றாக இருக்கிறவளுக்கு ஊசி குத்த முடியுமா, ஆக்சிஜனை வீணாக்க முடியுமா என்று ஆரம்பித்த வழக்கம். டாக்டர் "ஊசி போட்டாச்சு" என்பார், அதிகாரி மார்க் போடுவார். "ஆக்சிஜன் வச்சாச்சு" என்பார், அதற்கும் மார்க். நாடித்துடிப்பு எவ்வளவு என்று கேட்டால் அதிகாரியே தன் அட்டையைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். தனி அறையில் நின்ற சிலிண்டர்கூடப் பார்வைக்கு வைத்த காலி சிலிண்டர். "இதுவரைக்கும் எனக்குப் போட்ட ஊசியெல்லாம் நிஜமா இருந்தா நான் சல்லடையாகியிருப்பேன்" என்று அக்காவே சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம்.

இப்போது சொல்லப்போகும் ஒத்திகைக்கு முந்தைய தடவை மேலிடத்து அதிகாரி, நாங்கள் மார்க் மேடம் என்று கூப்பிடுகிறவர், முகம் சுளித்தார். "எல்லாருக்கும் தெரிஞ்ச முகம். இவங்க வந்து நின்னாலே ஒத்திகைன்னு தெரிஞ்சுடுது. அடுத்த தடவை புது ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேட்ரன் தேடிப் பார்த்தார். யாரும் சரிப்படவில்லை. கடைசியில் அக்காவையே ரகசியமாக ஏற்பாடு செய்தார். வேஷத்தோடு எதிர்ச்சாரி டீக்கடையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார வேண்டும், தான் போன் செய்தால்தான் வர வேண்டும், அதுவரை வேறு யாரோடும் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒத்திகை நாளன்று காலை மேட்ரன் போனைக் கையில் எடுப்பதற்கு முன்பே வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் காலிக் கூண்டுகள். கம்பிகளில் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் இறங்கி, கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுவரைப் பிடித்துப் பிடித்து வாட்ச்மேனிடம் வந்தார்.

"இங்க சலவையில வேலை பார்க்கிறாங்களே... நான் அவங்க வீட்டுக்காரர். ரெண்டு நாளா காய்ச்சல். மூச்சு விட முடியல. அவளுக்குப் போன் போட்டேன், கட் பண்ணிட்டா."

வாட்ச்மேன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. புது ஆள்! அக்கா தன் வீட்டுக்காரரையே பழக்கி அனுப்பிவிட்டாள்! நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டினார். அது காட்டிய காய்ச்சலைப் பார்த்து, "மெஷினையே செட் பண்ணி வச்சிருக்காங்கப்பா" என்று வியந்துகொண்டே மணியை அடித்தார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் நடிக்கவில்லை. அவருக்கு அந்த நோய் நிஜமாகவே வந்திருந்தது. உள்ளே போகிற ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் போராடிக்கொண்டிருந்தார். அது தெரியாமல் நாங்கள் மார்க்குக்காக ஓடிக்கொண்டிருந்தோம்.

அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல! அப்படி ஒரு ஒழுங்கை எங்கள் மருத்துவமனை அதற்கு முன்பு கண்டதில்லை. மணி அடித்ததும் முன்கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரையும் மறுபக்க வாசல் வழியாக வெளியேற்றிவிட்டார்கள். அவர் நடந்து வந்த வழியில் கயிறு கட்டினார்கள். வாட்ச்மேன் முகக்கவசத்தை மாற்றினார், கையுறையை மாற்றினார், அவர் தொட்ட நாற்காலியைத் தனியே ஒதுக்கினார். கிட் அணிந்த சின்ன டாக்டரும் இரண்டு பேரும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். லாரியைச் சுற்றிக்கூட மருந்து தெளித்தார்கள். "லாரி வரைக்கும் கொண்டு வந்திருக்காங்க பாருங்க, என்ன செலவு பண்ணியிருப்பாங்க!" என்று எங்களில் ஒருத்தி என் காதில் சொன்னாள்.

எனக்கு அன்று கண்காணிப்பு வேலை. தனி அறையை ஒட்டிய சின்ன அறையில் முழுக் கிட்டோடு நின்று, உள்ளிருந்து வருகிறவர்கள் முதலில் எதைக் கழற்ற வேண்டும், அடுத்து எதை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நடுவில் பெரிய கண்ணாடி. அதன் வழியாக எல்லாம் எனக்குத் தெரிந்தது.

மேட்ரனுக்குக் குழப்பம்தான். தான் கூப்பிடாத ஆள் எப்படி வந்தார்? மார்க் மேடம் தன்னைச் சோதிக்கப் புது ஆளை இறக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, திகைத்ததைக் காட்டினால் மார்க் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டார். மார்க் மேடமோ, போன முறை தான் சொன்ன குறையைக் கேட்டு மேட்ரன் இவ்வளவு நல்ல ஆளைப் பிடித்திருக்கிறாரே என்று பூரித்துப் போயிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை.

உள்ளே சின்ன டாக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கிருந்து வர்றீங்க?"

"பண்ணையிலருந்து சார். கோழியெல்லாம் கொத்துக் கொத்தா செத்துக் கிடந்துச்சு. ஆளு இல்லைன்னு நானும் சேர்ந்து அள்ளிப் போட்டேன். அப்புறந்தான் காய்ச்சல்."

மார்க் மேடம் தன் அட்டையைப் புரட்டினார். அதில் எழுதியிருந்தது வெளிநாட்டுப் பயணி. கதை மாறிவிட்டதே என்று ஒரு கணம் புருவம் உயர்ந்தது. "பரவாயில்லை, இது இன்னும் நல்லா இருக்கு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

"உதட்டுல மை எவ்வளவு இயற்கையா பூசியிருக்காங்க பாருங்க" என்றார் சின்ன டாக்டர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். ஆமாம், நீலமாகத்தான் இருந்தது. அக்கா கற்றுக்கொடுத்திருக்கிறாள், சும்மாவா!

"மூச்சு வரல சார்."

"ஆக்சிஜன் வச்சாச்சு" என்றார் சின்ன டாக்டர், உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி. மார்க் மேடம் மார்க் போட்டார்.

அந்த மனிதர் பக்கத்தில் நின்ற சிலிண்டரைப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பெரிய இடம், படித்தவர்கள், ஏதோ புது முறை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். தலையை ஆட்டினார்.

"ஊசி போட்டாச்சு. சலைன் ஏறுது."

அதற்கும் தலையை ஆட்டினார். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"கொஞ்சம் தேவலை போல இருக்கு சார்" என்றார் அவர். எதிரில் இருப்பவர் மனம் நோகக் கூடாது என்று சொல்வது போல இருந்தது அந்தக் குரல். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு அலை. அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

சாம்பிள் மட்டும் நிஜமாகவே எடுத்தார்கள். குச்சியை மூக்கில் விட்டு எடுத்துக் குப்பியில் போட்டு மூன்று உறைக்குள் வைத்தார்கள். அது தொடர்ந்து வருகிற பயிற்சி. அந்தக் குப்பிதான் பிற்பாடு எல்லாவற்றையும் சொன்னது.

கடைசியில் மார்க் மேடம் கைதட்டினார். "ஒத்திகை முடிஞ்சது. இவ்வளவு வருஷத்துல இதுதான் பெஸ்ட். எல்லாரும் வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்." அறைக் கதவு திறந்தது. சின்ன டாக்டர் கண்ணாடியையும் கவசத்தையும் இழுத்துக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மார்க் மேடமும் தன் கவசத்தைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். கூட இருந்த இருவரும் அப்படியே. யாரோ டீயும் பிஸ்கட்டும் கொண்டு வந்தார்கள். நானும் கிட்டைக் கழற்றத்தான் பார்த்தேன். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

மேட்ரன் வெளித் தாழ்வாரத்தில் நின்று அக்காவுக்குப் போன் செய்தார். "நீ வர வேண்டியதே இல்லைடியம்மா. மேடம் வேற ஆளைக் கொண்டு வந்துட்டாங்க. வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போ." போனை வைத்த பிறகுதான் வாட்ச்மேன், "அவரு அக்காவோட வீட்டுக்காரர்தான் மேட்ரன், அக்காவே பழக்கி அனுப்பியிருக்கா" என்று அவரிடம் சொன்னார்.

உள்ளே மார்க் மேடம் அவர் தோளைத் தட்டினார். "பிரமாதம்! போதும் சார், நடிச்சது போதும், எழுந்து உட்காருங்க."

போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. மரியாதைக்கு எழ முயன்றார். கட்டில் கம்பியைப் பிடித்தார். கை வழுக்கியது. "எழுந்திரிக்க முடியல மேடம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அக்கா வந்தாள். அழுக்குச் சால்வை, கலைந்த தலை, கண்ணுக்குக் கீழே சிவப்பு, உதட்டில் நீலம். தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்தே அவள் குரல் கேட்டது. "யாரு அது என் பொழப்புல மண்ணைப் போட்டது? அந்த மூஞ்சியை நான் பார்த்தே ஆகணும்!" சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

சிரிப்பு அப்படியே உறைந்து போனது. பிறகு மேட்ரன் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"இவரு எதுக்கு இங்க படுத்திருக்காரு?"

"உன் வீட்டுக்காரர்தானே? நல்லா நடிச்சார்டி. நீதான் பழக்கினயாமே?"

"நடிச்சாரா?" என்றாள் அக்கா. "மேட்ரன், அவருக்கு நடிக்கவே தெரியாது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மார்க் மேடம் டீக் கோப்பையோடு நின்றார். கையில் பிஸ்கட். கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. அவர் முகம் வெளுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். சின்ன டாக்டர் குனிந்து, படுத்திருந்தவர் உதட்டை விரலால் துடைத்தார். விரலில் மை வரவில்லை. மறுபடி துடைத்தார்.

அடுத்த நொடி நான் உள்ளே இருந்தேன். அங்கே முழுக் கிட்டோடு இருந்த ஒரே ஆள் நான்தான், ஜிப் மாட்டிக்கொண்ட புண்ணியத்தால். சிலிண்டர் திருகியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. காலி. அது காலி என்று எனக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் திருப்பினேன். "நிஜ சிலிண்டர்! நிஜம்!" என்று நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் அவசரப் பிரிவிலிருந்து ஒன்றை உருட்டிக்கொண்டு ஓடி வந்து வாசலில் வைத்தார்.

நான் அவர் முகத்தில் மூச்சுக்கவசத்தைப் பொருத்தப் போனபோது அவர் என் கையைத் தடுத்தார்.

"ஏற்கெனவே வச்சிட்டாங்களே சிஸ்டர். டாக்டர் சொன்னாரே."

நான் கவசத்தை மறுபடி நீட்டினேன்.

அப்போதுதான் அவர் கண்ணாடிக்கு வெளியே அக்காவைப் பார்த்தார். நீல உதட்டையும் சிவந்த கண்ணையும் பார்த்தார். அந்த உடம்பில் எங்கிருந்துதான் பலம் வந்ததோ, பாதி எழுந்துவிட்டார். "ஐயோ, அவளுக்கும் வந்துடுச்சா? இதை அவளுக்கு வைங்க. எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல அவளுக்கு வைங்க!"

அக்கா கதவுக்குப் பாய்ந்தாள். மேட்ரன் குறுக்கே போனார், அவரைத் தள்ளிவிட்டாள். அவள் கை கதவுப் பிடியில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றது. அந்தக் கையை அவள் பார்த்தாள். நீலம் பூசிய கையால் எங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்தவள் அல்லவா? அந்தக் கதவுக்குள் போனால் எது தன் கையில் ஏறி வெளியே வரும், யார் யார் வரை நடக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

பிறகு கண்ணாடிக்கு வந்து, சால்வை நுனியில் எச்சில் தொட்டு, உதட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க! சாயம்! பாருங்க, வெறும் சாயம்! நீங்க வச்சுக்குங்க, சிஸ்டர் சொல்றதைக் கேளுங்க!" கண்ணுக்குக் கீழிருந்த சிவப்பெல்லாம் முகம் முழுக்க இழுகிவிட்டது. அவள் துடைத்து முடிக்கும்வரை அவர் கவசத்தைப் போட விடவில்லை.

அவர் சில நாள்தான் உயிரோடு இருந்தார். பெரிய டாக்டர்கள் வந்தார்கள், பெரிய இயந்திரங்கள் வந்தன. நிஜமாகவே எல்லாம் செய்தோம். அக்கா கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிவரை அவரைத் தொடவில்லை. அவர் ஊரிலிருந்து திரும்பியபோது அவள் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். அதனால் நோய் அவளை நெருங்கவில்லை. அந்த அதிர்ஷ்டத்தை அவளிடம் சொல்லி ஆறுதல்படுத்த ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

கோழிகளிடமிருந்து மனிதருக்குத் தாவிய புதுக் காய்ச்சல் என்று குப்பி சொன்னது. அன்று அறைக்குள் கவசம் கழற்றியவர்கள் அப்படியே தனித்தனியாக அடைக்கப்பட்டார்கள். மார்க் மேடத்துக்கு மட்டும் வந்தது. கண்டம் தப்பிப் பிழைத்தார். முன்கூடத்தில் இருந்தவர்கள், தாழ்வாரத்தில் நடந்தவர்கள், ஊரில் உள்ளவர்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோய் அந்த அறையோடு நின்றுபோனது. ஒத்திகை நாளாக இல்லாவிட்டால் அவரை முன்கூடத்தில் நூறு பேருக்கு நடுவே பெஞ்சில் உட்கார வைத்திருப்போம் என்பது எனக்குத் தெரியும். அவரை வெறும் பேச்சால் கிடத்தி வைத்திருக்க மாட்டோம் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்தால் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. மேலிடம் எங்களைப் பாராட்டியது. உடனடியாக விழித்துக்கொண்ட மருத்துவமனை என்று பத்திரிகையில் வந்தது. வெட்கக்கேடு! அந்தப் பத்திரிகையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

முன்னாலேயே ஆக்சிஜன் வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று சின்ன டாக்டர் மூத்தவர்களிடம் கேட்டபடியே இருந்தார். நுரையீரல் ஏற்கெனவே போய்விட்டது, பெரிதாக மாறியிருக்காது என்றார்கள். மாறியிருக்கவும் கூடும். யாருக்குத் தெரியும்?

வேலைக்குத் திரும்பிய பிறகு அக்கா என்னை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு வரலன்னு வாயைத் திறந்து சொன்னாரா சிஸ்டர்?"

"சொன்னார் அக்கா."

"அவரு கேட்கவே மாட்டாரு. எதையுமே கேட்க மாட்டாரு." விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். "எனக்கும் போன் பண்ணாரு. நானும் கட் பண்ணேன்." அடுத்த விரிப்பை எடுத்தாள். ரேகை மெஷினை அவள் தட்டுவதும் நின்றுபோயிருந்தது.

அடுத்த ஒத்திகை வந்தது. யாரும் அவளிடம் கேட்கத் துணியவில்லை. அவளே மேட்ரன் அறைக்குப் போய், "நான்தான் படுப்பேன்" என்றாள். மேட்ரன் அழுதுவிட்டார். அக்கா அழவில்லை.

இந்த முறை வேஷம் இல்லை. கழுவித் துடைத்த முகத்தோடு வாசலில் வந்து நின்றாள். வழி காலியானது, கயிறு கட்டினார்கள், ஸ்ட்ரெச்சர் வந்தது. அதே அறை, அதே கட்டில், சிலிண்டர் மட்டும் புதிது. புது அதிகாரி அட்டையோடு நின்றார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் இடத்தில். சின்ன டாக்டர் கட்டிலருகே குனிந்தார். எத்தனையோ வருடத்துப் பழக்கம், அவர் நாக்கு அவரை மீறிப் புரண்டுவிட்டது.

"ஆக்சிஜன் வச்சாச்சு."

அக்கா கண்ணைத் திறந்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்க?"

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"எங்க டாக்டர்? காட்டுங்க."

சின்ன டாக்டர் சிலிண்டருக்குத் திரும்பினார். இரண்டு கையாலும் திருகியைத் திருப்பினார். கிட்டின் கண்ணாடிக்குள் அவர் அழுதுகொண்டிருந்தார். குழாயின் நுனியில் உஸ்ஸென்று காற்று வந்தது. அக்கா மூச்சுக்கவசத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். மூக்கில் வைக்கவில்லை. காதோரம் பிடித்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.